திண்டிவனத்திலிருந்து ஐந்தாவது கேள்வி

லூர்து மேரிக்கு ஒருவர் மேல் இருந்த கோபம் பதினைந்து வருஷம் கெடாமல் இருந்தது. பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். நாலு வார்த்தை பேசுவதற்குள் முந்தானையை இரண்டு முறை இழுத்துவிட்டுக்கொள்கிற பெண் அவள். திண்டிவனத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் மையத்தில் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்துவைத்து, டீ வாங்கிவரும் வேலை. அங்கே வந்துபோகிற வாத்தியார்களில் பாதிப் பேருக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

கோபம் தேவநாதன் வாத்தியார் மேல்.

விழுப்புரம் தனி மாவட்டமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. 1993 நவம்பர். புது மாவட்டம், புது அதிகாரிகள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஆய்வுக்கு வருகிறார்கள் என்று பேச்சு. செஞ்சி ரோட்டிலிருந்து பிரிந்துபோகும் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் லூர்து மேரி எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பெரிய படிப்பாளி இல்லை. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். வருகைப் பதிவேட்டில் மாதம் பிறந்தால் பெயர் எழுத அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

தேவநாதன் அறிவியல் வாத்தியார். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு மூன்று நாள் முன்னால் வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்தார்.

"ஆபீசர் முன்னால நான் எந்தக் கேள்வி கேட்டாலும் அத்தினி பேரும் கை தூக்கணும். ஒரு கை கீழ இருக்கக் கூடாது. பதில் தெரிஞ்சவன் சோத்தாங்கை. தெரியாதவன் பீச்சாங்கை. சோத்தாங்கையப் பாத்துதான் நான் எழுப்புவேன். பயப்படாம தூக்குங்க."

மூன்று நாளும் பாடம் நடக்கவில்லை. கை தூக்கிப் பழகினார்கள்.

ஆய்வு நாளில் எல்லாம் சரியாகத்தான் போனது. அதிகாரி வயதானவர், கடைசி பெஞ்சு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இலை தன் உணவைத் தானே தயாரிப்பதற்கு என்ன பெயர் என்று தேவநாதன் கேட்டார். வகுப்பு முழுக்கக் கை. தேவநாதன் ஒரு சோத்தாங்கையைத் தேடி விரலை நீட்டுவதற்குள் அதிகாரி முந்திக்கொண்டார்.

"இருங்க சார், நான் எழுப்புறேன். அந்த மூணாவது வரிசைப் பொண்ணு. நீ சொல்லும்மா."

லூர்து மேரி எழுந்து நின்றாள். தூக்கிய கை தூக்கியபடி இருந்தது.

"சொல்லும்மா. தெரிஞ்சிதான கை தூக்கின?"

"தெரியாது சார்."

"தெரியாம எதுக்குத் தூக்கின?"

"தெரியாதவங்க இந்தக் கையத் தூக்கணும்னு சார் சொன்னாரு."

காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அதிகாரி ஃபைலால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு ஃபைலைத் திறந்து ஏதோ எழுதினார்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்ததும் தேவநாதன் அவளைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பீச்சாங்கையத் தூக்கு. நான் எறக்கச் சொல்ற வரைக்கும் எறக்கக் கூடாது."

மதியச் சோற்று மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். சாயங்கால மணியும் அடித்தது. தேவநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொடிக்கம்பத்தைக் கடந்து கேட்டுக்கு வெளியே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை எடுத்துவிட்டு வந்த அம்மா மகளைக் காணோமென்று தேடிக்கொண்டு வந்தபோது, வலது கையால் இடது கையைத் தாங்கிப் பிடித்தபடி அவள் அங்கேயே நின்றிருந்தாள். பாவாடை நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு தேவநாதன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பீச்சாங்கை, போர்டத் துடை. பீச்சாங்கை, நீ வாசி." ஒரு வாரத்தில் வகுப்பே அப்படிக் கூப்பிட்டது. கிறிஸ்மஸ் வருவதற்குள் ஊரும் கூப்பிட்டது. மாதா கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது பின்னால் யாரோ கிசுகிசுத்துச் சிரிப்பார்கள்.

"வாத்தியாரு மேல கொற சொல்லாத. நீதான் ஏதாச்சும் பண்ணியிருப்ப" என்றார் அப்பா பெரியநாயகம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் போகவில்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு களைக்கொட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

ஒளிச்சேர்க்கை. அந்த வார்த்தையை அவள் ஆய்வு நடந்த அன்று சாயங்காலமே பாடப்புத்தகத்தில் தேடிப் பிடித்துவிட்டாள். ஜெபமாலையில் ஒரு மணி தவறினாலும் தவறும், அது தவறாது.

*

இடையில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. களை எடுத்தாள். திண்டிவனம் மண்டியில் மூட்டை தூக்கும் சவுரிராயனுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஜெர்லின் என்று ஒரு மகள். 2004இல் பயிற்சி மையத்தில் வேலை கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து மையத்து மொட்டை மாடியில் ஒரு டிஷ் வந்து உட்கார்ந்தது. கூடத்தில் பெரிய டி.வி. ஆசிரியர்களுக்கென்றே அரசாங்கம் நடத்தும் ஒளிபரப்பு அது. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து ஒன்றரை வரை. யாராவது ஒரு நல்ல ஆசிரியர் வகுப்பு எடுப்பதைப் படம் பிடித்துக் காட்டுவார்கள். பிறகு அந்த ஆசிரியரே விழுப்புரத்தில் கேமரா வைத்த அறையில் உட்கார்ந்து, மாவட்டத்தின் இருபத்திரண்டு மையங்களிலிருந்தும் வரும் கேள்விகளுக்கு நேரலையில் பதில் சொல்வார்.

மையத்துக்கு வரும் பயிற்றுநர்கள் ஆறு மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தார்கள். மாறாமல் இருந்தவள் லூர்து மேரி ஒருத்திதான். டிஷ் பூட்ட வந்த ஆள் சொன்னதை அவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று கேட்டிருந்தாள். சிக்னல் கோடு குறைந்தால் எந்த ஒயரை அசைக்க வேண்டும், காக்கை எங்கே உட்கார்ந்தால் படம் உடையும், மின்சாரம் போனால் ஜெனரேட்டரை எத்தனை இழுப்பில் கிளப்பலாம் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

கேள்வி விஷயத்தில்தான் சிக்கல். ஒவ்வொரு மையமும் கட்டாயம் ஐந்து கேள்வி அனுப்ப வேண்டும். வாசலில் சீட்டும் பெட்டியும் வைத்திருந்தார்கள். வாத்தியார்கள் சீட்டின் பின்பக்கத்தில் புடவை சீட்டுக் கணக்குப் போடுவார்கள், சீட்டைச் சுருட்டிப் பல் குத்துவார்கள். கேள்வி மட்டும் எழுதமாட்டார்கள். அனுப்பாவிட்டால் விழுப்புரத்திலிருந்து ஃபோன் வரும். பழைய பயிற்றுநர் ஒருவர் இதற்கு வழி கண்டுபிடித்தார். பொதுவாக எல்லாப் பாடத்துக்கும் பொருந்துகிற மாதிரி இருபது கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, லூர்து மேரியிடம் கொடுத்துவிட்டார்.

"அஞ்சு சீட்டுல அஞ்சு எழுதும்மா. கீழ அட்டெண்டன்ஸ பாத்து ஏதாவது ஒரு டீச்சர் பேரப் போட்டுடு. ஃபேக்ஸ்ல வுட்டுடு."

அன்றிலிருந்து அவள்தான் எழுதினாள். 'மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள வகுப்பில் இம்முறையை எவ்வாறு செயல்படுத்துவது?' 'மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு இதில் என்ன இடம் உள்ளது?' விழுப்புரத்தில் கேள்விகளை வாசிக்கும் சீனுவாசன் விரிவுரையாளர் ஒருமுறை டி.வி.யிலேயே சொன்னார்: "திண்டிவனம் மையத்துக் கேள்விகள் எப்பவும் அழகான கையெழுத்தில, ஆழமா இருக்கு." கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லூர்து மேரி போண்டாத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

*

2008 டிசம்பரில், அப்போது பயிற்றுநராக இருந்த மணிமாறன் அவளிடம் சொன்னார்:

"அக்கா, நாளைக்கும் மறுநாளும் என்னோட வாங்க. மரக்காணம் ரோட்டுல ஒரு ஸ்கூல்ல ஷூட்டிங். பசங்களுக்குத் தல வாரி வுடணும், வந்தவங்களுக்கு டீ காப்பி பாக்கணும். ஹெச்.எம். தேவநாதன் சார். அவரு பாடத்ததான் புடிக்கிறாங்க. இது நல்லா வந்தா நல்லாசிரியர் விருதுக்கு அவரு பேருதான் போவுதாம்."

லூர்து மேரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வர்றேன் சார்" என்றாள்.

தேவநாதன் தலை நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். சட்டைப் பையில், அந்தக் காலத்தைப் போலவே, ஒரு சிவப்புப் பேனா. அவளை நேருக்கு நேர் பார்த்தார். "ஏம்மா, அந்த டம்ளர நல்லாக் கழுவிட்டுக் குடு, சோப்பு வாட அடிக்குது" என்றார். அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பு அறிவியல். இலை எப்படிச் சமைக்கிறது என்கிற பாடம். அதையே எடுத்தார்.

சென்னையிலிருந்து வந்த டைரக்டர் பரபரப்பான ஆள். "கேள்வி கேட்டா ஃப்ரேம் நெறையக் கை வேணும் சார். ஆர்வமா, துள்ளிக்கினு தூக்கணும்."

"அத்தப் பத்திக் கவலப்படாதீங்க" என்றார் தேவநாதன்.

கைகள் எழுந்தன. ஜன்னலோரம் நின்ற லூர்து மேரி டீக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். முதல் இரண்டு பெஞ்சில் எட்டுப் பிள்ளைகள் வலது கை. பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகள், அத்தனையும் இடது கை. டைரக்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மணிமாறன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவரும் வாத்தியாராக இருந்தவர்தானே.

இடைவேளையில் மூன்றாவது வரிசைப் பெண் ஒருத்திக்குச் சடை பின்னிவிடும்போது மெல்லக் கேட்டாள்.

"உன் பேரு இன்னா?"

"வெண்ணிலா."

"ஏன் பீச்சாங்கையத் தூக்கற?"

"எனக்குத் தெரியாது இல்ல, அதான்."

"தெரிஞ்சா மாத்திக்குவியா?"

அந்தப் பெண் இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள். "எங்க மாத்தறது? ஜூன் மாசமே சார் பிரிச்சி வுட்டுட்டாரு. முன்னாடி எட்டுப் பேரு சோத்தாங்கை. நாங்கள்ளாம் பீச்சாங்கை. வருஷம் பூரா அதான்."

"உனுக்கு இந்தப் பாடம் தெரியுமா?"

"ரெண்டு வாரமா இத்தயேதான நடத்தறாரு. தூக்கத்துல எழுப்பினாகூடச் சொல்லுவேன். ஒளிச்சேர்க்கை."

லூர்து மேரி ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். "வலிக்குதுக்கா" என்றது பிள்ளை.

*

ஒளிபரப்பு மார்ச் இரண்டாம் வெள்ளிக்கிழமை. சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒரு வாரம் முன்பே மையத்துக்கு டிஸ்க் வந்துவிட்டது. மதியம் கூடத்தைத் துடைக்கும்போது அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். முதல் முறை அவரை மட்டுமே பார்த்தாள். இரண்டாம் முறை பிள்ளைகளை. அப்புறம் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினாள். ஐந்து நாள் எண்ணினாள். எண்ணிக்கை ஒரு தடவைகூட மாறவில்லை.

அவர் பேசும் நேரத்தில் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்றும் யோசித்தாள். பிடுங்கினால் திண்டிவனத்தில் தொண்ணூறு பேர் அவரைப் பார்க்காமல் போவார்கள், அவ்வளவுதான். அவளுக்கு அது போதாது. இருபத்திரண்டு மையமும் பார்க்க வேண்டும். படம் துல்லியமாகத் தெரிய வேண்டும். சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேள்விச் சீட்டில் யார் பெயரைப் போடுவது என்பதுதான் அவளை இரண்டு நாள் அலைக்கழித்தது. ஏதாவது ஒரு டீச்சர் பெயரைப் போட்டால் அந்த அம்மாவுக்குத் தொல்லை. பெயரே இல்லாமல் விட்டால் வகுப்புப் பிள்ளைகளில் யாரோதான் வெளியே சொல்லிவிட்டது என்று தேவநாதன் முடிவு கட்டுவார். பிரம்பு வெண்ணிலாவின் மேல் விழும். பிரம்பு எங்கே போய் விழும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒளிபரப்பு நாள் காலை சவுரிராயனிடம் சொன்னாள். அவன் மண்டிக்குக் கிளம்பித் துண்டை உதறிக்கொண்டிருந்தான்.

"வேல பூடும்."

"போவட்டும்."

"பதினஞ்சு வருஷம் ஆவுது. இன்னும் அத்தயே புடிச்சிக்கினு இருக்கிறியே. தவக்காலத்துல போயி."

"உனுக்குக் கை வலிச்சிதா?"

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பத்தரைக்கு நிகழ்ச்சி தொடங்கியது. பத்து ஐம்பதுக்கு மின்சாரம் போனது. யாரும் சொல்வதற்குள் அவள் பின்பக்கம் ஓடி ஜெனரேட்டரை இழுத்தாள். மூன்றாம் இழுப்பில் பிடித்தது. பிறகு மாடிக்கு ஏறி, டிஷ் கொம்பில் உட்கார்ந்திருந்த காக்கையைக் கல்லெடுத்து விரட்டினாள்.

"இன்னா அக்கா, இன்னிக்கு இவ்ளோ அக்கற?" என்றார் மணிமாறன். "எத்தினி சீட்டு வந்திருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"தெரிஞ்சதுதான. அஞ்சு எழுதிப் போட்டுடுங்க. நான் சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு சொல்லிட்டு வந்துடறேன்."

நான்கு கேள்விகளை நோட்டைப் பார்த்து எழுதினாள். ஐந்தாவதை நோட்டைப் பார்க்காமல் எழுதினாள். கீழே தன் பெயரை எழுதினாள். ஃபேக்ஸ் மிஷின் சீட்டை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது. அது முழுக்க உள்ளே போகும்வரை பிடித்த விரலை அவள் எடுக்கவில்லை.

*

விழுப்புரத்து அறையில் மூன்று நாற்காலி. நடுவில் தேவநாதன், சந்தன நிறச் சட்டை, பொன்னாடை. அவருக்கு வலப்பக்கம் சென்னையிலிருந்து வந்த அதிகாரி அம்மா. இடப்பக்கம் சீனுவாசன், மடியில் சீட்டுக்கட்டு. படம் முடிந்து எல்லோரும் கைதட்டியிருந்தார்கள். "இத்தனை பிள்ளைகள் இத்தனை ஆர்வமாகக் கை தூக்குகிற வகுப்பை நான் பார்த்ததில்லை" என்று அதிகாரி அம்மா சொல்லியிருந்தார். வளவனூர்ச் சீட்டு, கண்டமங்கலத்துச் சீட்டு எல்லாம் வாசித்தாகிவிட்டது.

"அடுத்தது நம்ம திண்டிவனம். வழக்கம்போல அழகான கையெழுத்து. லூர்து மேரி ஆசிரியை கேட்கிறார்."

கூடத்தில் ஒருவர், "யாருய்யா அது, எந்த ஸ்கூலு?" என்றார். மணிமாறன் கையிலிருந்த டீயோடு திரும்பி லூர்து மேரியைப் பார்த்தார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

சீனுவாசன் வாசித்துக்கொண்டே போனார். வாசிக்க வாசிக்கத்தான் அவருக்கே புரிந்தது. அதற்குள் நிறுத்த முடியாத இடத்துக்கு வந்துவிட்டார்.

"ஐயா, முப்பத்திரண்டு நிமிடப் பாடத்தில் பதினேழு முறை கேள்வி கேட்டீர்கள். பதினேழு முறையும் வலது கை தூக்கிய எட்டுப் பிள்ளைகளைத்தான் எழுப்பினீர்கள். இடது கை தூக்கிய இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒருவரைக்கூட எழுப்பவில்லை. அவர்கள் ஏன் இடது கையைத் தூக்கினார்கள்?"

திண்டிவனம் கூடத்தில் பல் குத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து டி.வி.யைப் பார்த்தார்கள்.

தேவநாதன் சிரித்த முகத்தை மாற்றவில்லை. "நல்ல கேள்வி" என்றார். "அது வந்து... ஒரு பயிற்சி. இடது கையத் தூக்கும்போது வலது பக்க மூளை வேல செய்யுது. கற்பனை வளரும். மெல்லக் கற்கிற பிள்ளைங்களுக்காக நானே வடிவமைச்சது."

அதிகாரி அம்மா குறிப்பேட்டைத் திறந்தார். "அப்படியா சார்? இது புதுசா இருக்கே." இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார். "மூளை வேல செஞ்ச பிறகு அந்தப் பிள்ளைங்கள எழுப்பியிருக்கலாமே?"

தேவநாதன் பேனாவைத் தொட்டார். கண்ணாடியைத் தொட்டார்.

கூடத்தில் முதலில் சிரித்தது பாண்டுரங்கன் வாத்தியார். அவர் வகுப்பிலும் அதே ஏற்பாடு உண்டு. அங்கே இருந்த தொண்ணூறு பேரில் அதைச் செய்யாதவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். அதனால்தான் அப்படிச் சிரித்தார்கள். மாட்டிக்கொண்டவர் வேறொருவர். பெஞ்சைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிறகு நடந்தது அந்த மையத்தில் அதுவரை நடக்காதது. பேனாவைத் திறந்து சீட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

"மேரி, இந்தா, இதயும் வுடு. என் பேரப் போடாத."

"கடுதாசி காலியாயிடுச்சா? அட்டயிலியாவது எழுதிக் குடுக்கறேன்."

பதினான்கு சீட்டு. அத்தனையையும் ஃபேக்ஸில் விட்டாள். மற்ற மையங்களிலும் இதே கதை போலிருந்தது. விழுப்புரத்து அறைக்குள் ஒரு கை நீண்டு நீண்டு சீனுவாசனிடம் தாள்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அவர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துவைத்தார். ஒன்றை மட்டும் வாசித்துவிட்டார்: "இடது கைப் பயிற்சியை எந்த வயதில் தொடங்கலாம்? தலைமையாசிரியர்களுக்கும் உண்டா?" வாசித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தேவநாதனின் வலது கையில் மைக் இருந்தது. தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்துத் தூக்கிக் குடித்தார்.

இருபத்திரண்டு மையமும் அதைப் பார்த்தது. திண்டிவனத்தில் ஒருவர் முழங்கினார்: "பாருய்யா, மூள வேல செய்யுது."

லூர்து மேரி சிரிக்கவில்லை. டி.வி.யில் தெரிந்த முகத்தையே பார்த்தாள். கொடிக்கம்பத்தருகே நின்றபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது.

*

திங்கட்கிழமை மதியம் தேவநாதன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவள் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு வந்த ஏழெட்டு ஆசிரியர்கள் வராந்தாவில் டீயோடு நின்றிருந்தார்கள்.

"ஏம்மா, இங்க லூர்து மேரி டீச்சருன்னு யாரு?"

"டீச்சருன்னு யாரும் இல்ல சார். நான்தான் லூர்து மேரி."

அவளையும் டம்ளர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளயாடாத. யாரு எழுதச் சொன்னது? மணிமாறனா? வளவனூர்க்காரனுங்களா? அந்தப் பசங்கள்ள எதாச்சும் வந்து சொல்லிச்சா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன், நானே எழுதினேன். பெரியநாயகம் பொண்ணு சார். தொண்ணூத்தி மூணுல உங்ககிட்ட எட்டாங் கிளாஸ்."

"எத்தினியோ பேரு படிச்சாங்க. யாருன்னு கண்டேன்?"

"ஆபீசர் வந்தன்னிக்கு எழுப்பினாரே, அந்தப் பொண்ணு. பீச்சாங்கைன்னு பேரு வச்சீங்க."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "அதுக்கா? எப்பவோ நடந்ததுக்கா என் விருதுல மண்ண அள்ளிப் போட்ட?"

"கொடிக்கம்பத்தாண்ட நிக்க வச்சீங்க. நான் எறக்கச் சொல்ற வரைக்கும் எறக்காதன்னீங்க. பெல்லு அடிச்சிது. வூட்டுக்குப் பூட்டீங்க. எறக்கச் சொல்லவே இல்ல சார்."

வராந்தாவிலிருந்த ஆசிரியர்கள் குழாயடிப் பக்கம் நகர்ந்துவந்தார்கள்.

"இப்ப இன்னாதான் வேணும் உனக்கு?"

"சொல்லுங்க."

"இன்னாத்த?"

"எறக்குன்னு."

வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ள ஈரக் கை வரவில்லை. தேவநாதன் வராந்தாவைப் பார்த்தார். டீ டம்ளர்கள் வாய்க்கும் மார்புக்கும் நடுவில் நின்றிருந்தன. ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பினார்.

அவர் கேட்டைத் தாண்டும்வரை பொறுத்திருந்து பாண்டுரங்கன் வாத்தியார் சொன்னார்: "பீச்சாங்கை வந்துட்டுப் போறாருப்பா."

அந்தப் பெயர் அன்றே விழுப்புரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. 2013இல் அவர் ஓய்வு பெறும்வரை எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவருக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது. விருதுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. மணிமாறனிடம் விளக்கம் கேட்டார்கள். 'கேள்வி அனுப்பியவர் மையப் பணியாளர். கேள்வி பாடம் தொடர்பானதே' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். லூர்து மேரிக்கு வேலை போகவில்லை. சீட்டு எழுதுவதை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். திண்டிவனம் மையத்துக் கேள்விகளை அதன் பிறகு யாரும் டி.வி.யில் பாராட்டவில்லை.

அந்த ஒளிபரப்புக்குப் பிறகு தேவநாதன் வகுப்பில் கை தூக்கச் சொல்வதே இல்லையாம். பதிவேட்டு எண்ணைச் சொல்லித்தான் எழுப்புகிறாராம். வெண்ணிலாவின் எண் எட்டு என்றும், தினமும் அவளை எழுப்புகிறார் என்றும் மணிமாறன் வந்து சொன்னார். அது அந்தப் பிள்ளைக்கு நல்லதாகப் போனதா என்று லூர்து மேரி விசாரிக்கவில்லை. அவள் அதற்காகச் செய்யவில்லை.

அவர் அன்று 'எறக்கு' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நாள் யோசித்தாள். சொல்லியிருந்தால் மன்னிக்க வேண்டி வந்திருக்கும். சொல்லாமல் போனதே நல்லது.

புனித வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழந்தாளிட்டு, வீட்டுக்காரனோடு சண்டை போட்டது, இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாதது, மையத்துப் பிஸ்கட் பாக்கெட்டை மகளுக்கு எடுத்துவந்தது எல்லாம் சொன்னாள்.

"வேற?" என்றார் சாமியார் தட்டிக்கு மறுபக்கத்திலிருந்து.

"வேற ஒண்ணும் இல்ல சாமி."

"யாரு மேலயாவது மனசுல கசப்பு வச்சிருக்கியாம்மா?"

லூர்து மேரி ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தாள்.

"இப்ப இல்ல சாமி" என்றாள்.